சர் கிறிஸ்டபர் ரென்

பலர் கூடும் மாளிகையொன்றினுள் நாம் புகுங்கால், அதன் கூரை நம் தலைமேல் வீழ்ந்துவிடாதோவென்று எவரையும் வினவுவதில்லை. ஆலயத்தில் தொழுவோரும், கலாசாலையில் பயில்வோரும், மருத்துவசாலையில் நோயுற்றுக் கிடப்போரும், தாம் கண்டறியாத ஒருவன் கையில் தம் உயிரை ஒப்புவித்தே அங்ஙனம் இருக்கின்றனர். ஆதலின், பொதுக் கட்டிடம் ஒன்றை எண்ணி அமைப்பவன் கல்லையும் மரத்தையும் மட்டும் கையாள்பவன் அல்லன். பிறர் உயிரை அடைக்கலப் பொருளாகப் பெற்றவனும் ஆவன். இவ்வடைக்கலத்தை ஏறக்குறைய அறுபதாண்டுகள் காத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவர்தாம் இலண்டன் மாநகரில் பரிசுத்த பவுல் பேராலயத்தை எடுப்பித்த சர் கிறிஸ்டபர் ரென் என்பார்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து தேசத்து வில்ட்ஷயர் நாட்டிலே, ஈஸ்ட் நாயில் என்னும் சிற்றூரில், 1632ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20ஆம் நாள் ரென் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். பின்னர் வின்ஸர் சிற்றாலயத்துத் தலைமைக் குருவாக உயர்ந்தவர். பெரிய தந்தையாராகிய மாத்யூ ரென் என்பார் அத்தியட்சர் பதவி வகித்தவர். அந்நாளில் அரசனுக்கும் பார்லிமெண்டுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் இக்குடும்பத்தைப் பெரிதும் அலைக்கழித்தது. வின்ஸரில் இருந்த இல்லம் சூறையாடப்பட்டது. பெரிய தந்தையார் இலண்டன் கோட்டைச் சிறையில் ஏறக்குறைய 18 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். நிலையானவை என்று எண்ணியவெல்லாம் ஒரு நாளிற் சரிந்து வீழ்தலை, உடல் மெலிந்த அச்சிறுவர் தம் இளமையிலேயே கண்டார்.

கல்வியும் ஆசிரியத் தொழிலும்

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த வாதம் கல்லூரியிற் பயின்று, 1651இல் பி. ஏ. பட்டமும் 1653இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். அக்காலத்தில் அக்கல்லூரித் தலைவராயிருந்த ஜான் வில்கின்ஸ் என்பாரைச் சூழ்ந்து, பழைய நூல்களை மனனம் செய்வதோடு அமையாது, எதனையும் சோதித்துப் பார்த்தே ஒப்புக்கொள்ளும் அறிஞர் குழுவொன்று கூடியது. ரென்னும் அக்குழுவினருள் ஒருவரானார். மூளையின் அமைப்பைப் பற்றித் தாமஸ் வில்லிஸ் எழுதிய மருத்துவ நூலுக்கு ஓவியம் வரைந்தவரும் இவரே. 1657இல், தமக்கு 25 வயது நிரம்புமுன்னரே, இலண்டனிலுள்ள கிரஷாம் கல்லூரியில் வானசாஸ்திரப் பேராசிரியரானார். 1660ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஆங்கு அவர் சொற்பொழிவு முடிந்தபின் கூடிய அறிஞர்களே, பிற்காலத்தில் ராயல் சொஸைட்டி எனப் புகழ்பெற்ற சங்கத்திற்கு வித்திட்டனர். மறு ஆண்டில் ஆக்ஸ்போர்டிலும் வானசாஸ்திரப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. ஐஸக் நியூட்டன் தம் பெருநூலில், தம் காலத்துத் தலைசிறந்த க்ஷேத்திரகணித அறிஞர் மூவருள் ஒருவராக ரென்னைக் குறித்துள்ளார்.

முப்பது வயதளவும் அவர் ஒரு சுவரேனும் எழுப்பினாரல்லர். அந்நாளிற் கொத்தரும் தச்சரும், தந்தை காட்டிய வழியே மைந்தன் செய்வதென்னும் முறையிற் கட்டிடத் தொழிலை நடத்தினர். எத்துணைப் பாரத்தை எத்துணைப் பருமனுள்ள தூண் தாங்கும் என்பதைப் பழக்கத்தால் அறிந்தனரேயன்றி, அதன் காரணத்தை ஆராய்ந்தாரல்லர். வானத்துக் கோள்களின் இயக்கத்தை அளந்த ரென், கல்லின் பாரமும் அவ்வாறே அளத்தற்குரியது என்று கருதினார். இக்கருத்தே அவர் செய்த வேலைகள் யாவற்றிற்கும் அடிப்படையாகும்.

முதற் கட்டிடங்கள்

அரசாட்சி மீண்டதும் சிறையினின்றும் விடுதலை பெற்ற பெரிய தந்தையார், தேவனுக்கு நன்றிக் காணிக்கையாகக் கேம்பிரிட்ஜிலுள்ள பெம்புரோக் கல்லூரிக்குச் சிற்றாலயம் ஒன்று கட்டுவிக்க விரும்பி, அவ்வேலையைத் தம்பி மகனிடம் ஒப்புவித்தார். 1663இல் தொடங்கிய இதுவே ரென்னின் முதற் கட்டிடம்.

அடுத்து வந்தது ஆக்ஸ்போர்டிலுள்ள ஷெல்டன் மண்டபம். சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாக்கள் அதுகாறும் பரிசுத்த மரியாள் ஆலயத்தில் நிகழ்ந்தன. விழாவில் நடக்கும் கேலியும் ஆரவாரமும் தேவாலயத்திற்கு ஏலாவெனக் கருதிய கில்பர்ட் ஷெல்டன் என்பார், தம் பொருளைக் கொண்டே தனி மண்டபம் அமைக்க முன்வந்தார். 1664இல் வேலை தொடங்கி 1669இல் முடிவுற்றது. பண்டைய ரோமாபுரியின் அரங்கங்களைப் பின்பற்றி ரென் இதனை வகுத்தார். ஆயின் ரோமருடைய அரங்கங்கள் கூரையின்றித் திறந்திருந்தவை. மழையும் பனியும் மிக்க இங்கிலாந்திலோ கூரையின்றி ஒன்றும் நடவாது. மண்டபத்தின் அகலமோ 70 அடி. இடையே தூண் நிறுத்தினால் விழாக் காட்சி மறையும். எழுபதடி நீளமுள்ள உத்திரமோ எக்காட்டிலும் கிட்டுவதரிது.

ரென் செய்தது இது. குறுகிய மரத்துண்டுகளைப் பற்கள்போல் ஒன்றையொன்று கவ்வுமாறு செதுக்கி, இரும்பாணிகளாற் பிணைத்து, ஒரே நீண்ட மரம்போல் ஆக்கினார். அதன் மேலே சாய்வாய் நின்ற கைமரங்களினின்றும் நேர்மரங்களைத் தொங்கவிட்டு, அவற்றால் நெடுமரத்தின் நடுவிடத்தைத் தூக்கிப் பிடித்தார். இவ்வமைப்பில் அடியிலுள்ள நெடுமரம் பாரத்தைச் சுமந்து வளைவதில்லை. கைமரங்களின் இரு முனைகளும் புறத்தே விலகாதபடி அவற்றை இழுத்துப் பிடிப்பதே அதன் தொழில். மண்டபத்தில் இருப்போர் அண்ணாந்து நோக்கின் வானத்தைப் போல் தீட்டிய ஓவியமே தோன்றும். அதனைத் தாங்கும் மரங்களில் ஒன்றேனும் தோன்றாது. அவ்விதானத்திற்கு மேலுள்ள இடத்தைச் சர்வகலாசாலை அச்சகத்தார் தம் புத்தகங்களை அடுக்கும் பண்டகசாலையாகவும் பயன்படுத்தினர். பட்டம் பெற்ற மாணவர் தலைமேல் புத்தகச் சுமை இருந்ததென்பதை அவருட் பலர் அறிந்திலர் போலும்!

இலண்டன் மாநகர்த் தீ

1666ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், பழைய பவுல் ஆலயத்தைப் பார்வையிடச் சென்ற குழுவில் ரென்னும் இருந்தார். பல நூற்றாண்டு கடந்த அவ்வாலயத்தின் சுவர்கள் புறத்தே சாய்ந்திருந்தன. ஆதியிலேயே அங்ஙனம் கட்டினர் என்று சிலர் சாதித்தனர். ரென்னோ, கூரையின் பாரம் சுவரைத் தள்ளிவிட்டதென்று உணர்ந்து, ஆலயத்தின் நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டிக் கும்மட்டம் அமைத்தல் வேண்டும் என்றார். ஒரு வாரம் கழியுமுன் வழக்குத் தீர்ந்தது. செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன் தோன்றிய தீ நான்கு நாட்கள் எரிந்து, ஏறக்குறைய 13,200 வீடுகளையும் 87 ஆலயங்களையும் அழித்தது. பவுல் ஆலயமும் அதற்கு இரையாயிற்று.

நகரைப் புதிதாக வகுக்க ரென் சில நாட்களுக்குள் படம் வரைந்து அரசரிடம் அளித்தார். நிலத்துக்குரியோர் தத்தம் மனையை விட்டுக்கொடாமையால் அது நிறைவேறவில்லை. எனினும் 1669இல் அரசாங்கக் கட்டிடங்கள் அனைத்திற்கும் தலைமை அதிகாரியாக அவர் நியமனம் பெற்றார். எரிந்துபோன ஆலயங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை அவர் மேற்பார்வையில் எழுந்தன.

பவுல் ஆலயத்தை மட்டும், எஞ்சிய சுவர்களைப் பழுதுபார்த்தே நிலைநிறுத்தலாமென்று பலர் எண்ணினர். அது நில்லாது என்று ரென் முன்னரே எச்சரித்திருந்தார். 1668இல், பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குப் பகுதி இடிந்து வீழ்ந்தது. அதன் பின்னரே தலைமைக் குரு ரென்னுக்குக் கடிதம் எழுதி அவரை அழைத்தார்.

பேராலயத்தின் அடிப்படை

பாழடைந்த சுவர்களை இடிப்பதே பெரும் பாடாயிற்று. ரென் நடுக்கோபுரத் தூணொன்றின் அடியில் 18 இறாத்தல் வெடிமருந்தை வைத்து, பெரும் பாறைக்குவியலை மெல்ல உயர்த்தி, இருந்த இடத்திலேயே சரியச் செய்தார். மறுமுறை அவர் இல்லாதபோது அவர் உதவியாளர் அளவுக்கு மிஞ்சி மருந்திடவே, கல்லொன்று தெறித்து அண்டை வீட்டினுட் புகுந்தது. ஒருவருக்கும் தீங்கில்லையாயினும், அயலார் அஞ்சினமையால் வெடிமருந்து விலக்கப்பட்டது. ரென் வருந்தவில்லை. இரும்புப் பூண் இட்ட 40 அடி நீள மரமொன்றைத் தொங்கவிட்டு, 30 ஆட்களைக் கொண்டு சுவரின் ஒரே இடத்தில் ஓயாது மோதச் செய்தார். முதல் நாள் ஒன்றும் நிகழாமை கண்டு வேலையாட்கள் நகைத்தனர். இரண்டாம் நாள் சுவர் வீழ்ந்தது.

1673இல் புதிய ஆலயத்திற்கு மரத்தாற் பெரிய மாதிரியொன்று செய்வித்தார். அஃது இன்றும் அவ்வாலயத்திற் காக்கப்படுகின்றது. இங்கிலாந்து நாட்டு வழக்குக்கு மாறானதென்று குருமார் அதனைத் தள்ளிவிட்டனர். ரென் அது கேட்டுக் கண்ணீர் உகுத்தாரென்பர். பின்னர் வரைந்த வேறொரு படத்தை 1675இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஏற்று, வேலை நடக்குங்கால் வேண்டிய மாறுதல்களைச் செய்துகொள்ளவும் உரிமை தந்தார். அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் அஸ்திவாரக் கல் இடப்பட்டது.

அஸ்திவாரம் தோண்டி வருகையில் வடகிழக்கு மூலையிலே இடர் நேர்ந்தது. முற்காலத்துக் குயவர் மண் எடுத்த பள்ளமொன்று ஆங்கு மறைந்து கிடந்தது. இன்னும் ஆறேழடி தோண்டினால் மூலை முடிந்துவிடும் என்னும் நிலையிற் கெட்டிமண் அற்றுப்போயிற்று. மரமுளைகளை அடித்து அவற்றின்மேற் கட்டலாம் என்றனர் சிலர். நீரினுள் மூழ்கிக் கிடக்கும் மரமே நெடுங்காலம் நிற்கும், உலர்ந்த மணலில் அஃது உளுத்துப்போகும் என்பதை அறிந்த ரென் அதற்கு இசையவில்லை. 40 அடிக்குமேல் ஆழமாகக் கிணறு தோண்டி, உறுதியான நிலத்தினின்றும் கல்தூண் எழுப்பி, அதனின்று முன்கட்டிய அஸ்திவாரத்திற்கு வளைவு அமைத்து மூலையை நிறுத்தினார். அம்மூலையைக் கடந்து செல்வோர் ஒருவரும் அதனடியில் உள்ளதைக் காண்பதில்லை.

கும்மட்டம்

இனி அப்பேராலயத்தின் முடியாகிய கும்மட்டத்தை நோக்குவாம். நகரத்தார் நெடுந்தொலைவினின்றும் காணவேண்டுமாயின் அஃது உயர்ந்திருத்தல் வேண்டும். அத்துணை உயரமாயின், உள்ளிருந்து அண்ணாந்து நோக்குவார்க்கு ஆழ்ந்த கிணற்றைக் கவிழ்த்தாற்போல் தோன்றும். அன்றியும், உச்சியில் நிற்கும் கல்லாலாகிய விளக்குமாடம் சுமார் 850 டன் எடையுள்ளது. இம்மூன்றனையும் ஒருங்கே நிறைவேற்ற, ரென் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கூடுகளை அமைத்தார். உள்ளே தாழ்ந்து கவிந்த செங்கற் கும்மட்டம் ஒன்று. புறத்தே மரச்சட்டங்களின்மேல் ஈயத்தகடு போர்த்த உயர்ந்த கும்மட்டம் ஒன்று. இரண்டிற்கும் இடையே ஒருவர்க்கும் தோன்றாது நிற்கும் செங்கற் கூம்பு ஒன்று. இக்கூம்பின் கனம் 18 அங்குலமே. உச்சியின் பாரம் முழுவதையும் தாங்குவது இதுதான்; புறத்தே காணும் கும்மட்டத்தின் மரச்சட்டங்களும் இதனையே பற்றி நிற்கின்றன.

கூம்பின் வடிவை ரென் ஏன் தேர்ந்தாரென்பதை எளிதில் விளக்கலாம். ஒரு சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால், அது தன் பாரத்தால் ஒரு வளைவாகத் தொங்கும். அவ்வளைவைத் தலைகீழாக நிறுத்தினால், கல்லால் கட்டும் வளைவுக்கு அதுவே தக்க வடிவாகும். சங்கிலியில் இழுப்பாக நின்றது, கல்லில் அழுத்தமாக மாறும். இவ்வுண்மையைக் கண்டு கூறியவர் ரென்னின் நண்பரும் உடனுழைத்தவருமாகிய ராபர்ட் ஹூக் என்பார். இனி, அச்சங்கிலியின் நடுவில் பெரிய குண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டால், இருபுறமும் வளைவு நீங்கி ஏறக்குறைய நேர்கோடாக நிமிரும். அதனைத் தலைகீழாக்கினால் உச்சியில் பாரம் தாங்கிய கூம்பு அன்றோ தோன்றும்? விளக்குமாடமே அக்குண்டு.

எனினும் கூம்பின் அடி புறத்தே விரியத் தள்ளும். அதனைத் தடுக்க அடியைச் சுற்றிக் கல்லினுட் பதித்த இரும்புச் சங்கிலியொன்றைப் பூட்டினார். கும்மட்டத்தின் கழுத்தைச் சூழ்ந்து நிற்கும் 32 தூண்களின் இடைவெளிகளில் எட்டினைக் கல்லால் அடைத்து, அவற்றை உதைசுவர்களாக ஆக்கினார். காண்பார்க்கு அவை சிலை நிறுத்தும் மாடங்கள்போல் அழகாய் விளங்கும். ஆலயத்தின் நீண்ட பக்கங்களிலும், உள்வளைவுகளைத் தாங்கும் உதைகால்களை உயர்ந்த புறச்சுவரால் மறைத்தார்.

குறையும் இடரும்

ரென்னின் வேலைகள் யாவும் குறையற்றவை என்று கூறுதல் மெய்யாகாது. 1689ஆம் ஆண்டு டிசம்பரில், அவர் மேற்பார்வையில் எழுந்துகொண்டிருந்த ஹாம்ப்டன் அரண்மனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து, வேலையாட்கள் இருவர் மாண்டனர், பதினொருவர் காயமுற்றனர். அரண்மனை விரைவில் முடியவேண்டும் என்று அரசகுடும்பத்தார் வற்புறுத்தி வந்தனர். மேரி அரசியார் தம் அவசரத்தை நினைந்து மனம் நொந்தார். பிறர் விரைவுபடுத்தினர் என்பது, மாண்டவர் இருவரையும் மீட்டுத் தராது. கட்டிடம் அமைப்போன் தன் மேலோர்க்கும் மறுத்துரைக்க வேண்டிய காலம் உண்டென்பதை இந்நிகழ்ச்சி நமக்கு அறிவிக்கின்றது.

பேராலயத்துப் பெருந்தூண்களும் புறத்தே நல்ல கல்லும், உள்ளே பழைய ஆலயத்தின் உடைகற்களும் சாந்தும் இட்டு நிரப்பப்பட்டவை. இக்குறையால், 1925இல் கும்மட்டத்தின் கீழுள்ள பகுதி மூடப்பட்டது. தூண்களினுள் சிமெண்டுக் குழம்பு செலுத்தி, புதிய எஃகுச் சங்கிலியும் பூட்டி, 1930இல் மீண்டும் திறந்தனர். பத்தாண்டிற்குப் பின், 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு தீக்குண்டுகள் பொழிந்து, சுற்றிலும் நகரம் எரிந்தபோது, காவலர்தம் அரிய உழைப்பினால் அக்கும்மட்டம் புகைநடுவே நிலைத்து நின்றது.

ஏனைய பொதுக் கட்டிடங்கள்

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிப் புத்தகசாலையை ரென் ஊதியம் பெறாமலே வகுத்துத் தந்தார். 1676இல் தொடங்கிய அது 1695இல் முடிந்தது. ஆற்றங்கரையின் மென்மையான நிலத்தில் அமைவதாதலின், அஸ்திவாரத்தில் வளைவுகளைத் தலைகீழாக அமைத்து, தூண்களின் பாரம் நிலமெங்கும் பரவச் செய்தார். கீழ்த்தளத்து வளைவுகள் தொடங்கும் மட்டத்திலேயே மேல்தளத்தை வைத்தமையால், சுவரோரம் உயர்ந்த அலமாரிகளை நிறுத்தியும் அவற்றுக்கு மேலே பெரிய சாளரங்கள் அமைத்தற்கு இடம் வாய்த்தது. படிப்போர்க்கு வெளிச்சமும், நூல்களுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிடைத்தன.

முதுமையுற்ற போர்வீரர்க்கென்று சார்லஸ் மன்னர் நிறுவிய செல்ஸி விடுதி 1682இல் தொடங்கி 1692இல் திறக்கப்பட்டது. இன்றும் முதிய வீரர்களே ஆங்கு வாழ்கின்றனர். கப்பற்படையினர்க்காக 1696இல் தொடங்கிய கிரீனிச் விடுதிக்கும் அவர் கூலி பெறாது உழைத்தார்.

இறுதிக்காலம்

பேராலய வேலைக்கு அவர் பெற்ற சம்பளம் ஆண்டுக்கு 200 பவுன். வேலை தாமதிக்கின்றதென்று குறைகூறி, 1697இல் பார்லிமெண்டார் அதிற் பாதியை, ஆலயம் முடியுமளவும் நிறுத்திவைத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள்தான் ஆங்கு முதல் ஆராதனை நிகழ்ந்தது. வயது முதிர்ந்தபின்னும் அவர் கூடையில் அமர்ந்து, கயிற்றால் சாரத்தின் உச்சிக்கு இழுக்கப்பட்டு, வேலையை நேரில் ஆராய்ந்து வந்தார். 1708இல் உச்சிக் கல்லை அவர்தம் மைந்தர் வைத்தார். அடியினின்று சிலுவை முடிகாறும் உயரம் 365 அடி. 1711இல் ஆலயம் முடிவுற்றதென்று விளம்பரமாகி, நிறுத்திவைத்த பணமும் அவருக்குக் கிடைத்தது.

இல்வாழ்க்கையில் அவர் பட்ட துயரும் சிறிதன்று. மணந்த மனைவியர் இருவரும் அவருக்கு முன்னரே மறைந்தனர். தந்தைக்கு உற்ற துணையாயிருந்த ஜேன் என்னும் மகளும் 1702இல் இறந்து, தந்தை கட்டிய அவ்வாலயத்திலேயே அடக்கமாயினாள்.

1718இல், 49 ஆண்டுகள் வகித்த தலைமைப் பதவியினின்றும் அவர் நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 85. அவ்விடத்திற்கு வந்த வில்லியம் பென்ஸன் என்பார் அரசாங்கத்தாரின் தயவு பெற்றவரேயன்றிக் கட்டிடக்கலை தேர்ந்தவரல்லர். அவர் பிரபுக்கள் சபை மண்டபம் இடிந்துவிழும் நிலையில் உள்ளதென்று அறிக்கை விடுத்தார். கைதேர்ந்த வேலைக்காரர் சென்று ஆராய்ந்து, மண்டபம் உறுதியாக உள்ளதென்று கண்டனர். மறு ஆண்டே பென்ஸன் விலக்கப்பட்டார். தாங்கும் பாரத்தை அறியாதவன் கையில் பொதுக் கட்டிடத்தை ஒப்புவித்தல் எத்தகையதென்பதை இலண்டன் மாநகரத்தார் அன்று கண்டுகொண்டனர்.

ரென் எவரையும் நோகாது, ஹாம்ப்டனில் தம் இல்லத்திலிருந்து கணித ஆராய்ச்சியிலும் வேத வாசிப்பிலும் காலங்கழித்தார். 1723ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், உணவுண்டபின் நாற்காலியில் அமர்ந்து உறங்குவார்போல் உயிர்நீத்தார். அகவை 90. அவருடைய உடல் அப்பேராலயத்தின் நிலவறையில், ஓர் எளிய கல்லின் கீழ் வைக்கப்பட்டது.

அவர்தம் வாழ்க்கையினின்றும் நாம் அறியத்தகுவது யாது? பேராலயத்தைக் காண்பார் புகழ்வது புறத்துக் கும்மட்டத்தின் அழகை. அதனைத் தாங்கி நிற்பதோ ஒருவரும் காணாத செங்கற் கூம்பும், கல்லினுட் புதைந்த சங்கிலியும், மண்ணினுள் மறைந்த தூணும் ஆகும். காண்பாரில்லை என்று அவற்றில் ரென் சிறிதும் சோர்ந்தாரல்லர். நம்முட் சிலர் நாளை கட்டிடம் அமைப்போராகலாம். பலர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் ஆகலாம். எத்தொழில் மேற்கொள்ளினும், நம்மை நம்பிப் பிறர் ஒப்புவிக்கும் அடைக்கலம் ஒன்று நம் கையில் இருக்கும். கண் காணாத இடத்திலும் அதனைப் பழுதறக் காத்தலே கற்றவர் கடனாகும்.